சுற்றுவழியும் நேர்வழியும்: ஆசிய, ஐரோப்பிய ஆய்வாளர்களை இணைக்கும் வலையமைப்பின் பின்னணி

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பாங்காக்கில் இருந்த ஓர் ஆய்வாளர் பாரிசில் இருந்த சக ஆய்வாளருக்கு ஒரு கோப்பை அனுப்பினால், அது பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போகவில்லை. கிழக்கே பசிபிக் பெருங்கடலைக் கடந்து, கலிபோர்னியாவில் கரையேறி, அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகத் தாண்டி, அட்லாண்டிக்கின் அடியில் மறுபடியும் மூழ்கி, ஐரோப்பாவின் பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தது. நேராகப் போனால் ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர். இப்படிச் சுற்றினால் 20,000 கிலோமீட்டருக்கும் மேல். ஆசியாவுக்குள்ளேயே அண்டை நாடுகள் இரண்டுக்கு இடையே ஓடிய தரவுகூடப் பல வேளைகளில் இதே போல அமெரிக்கக் கரையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தது. மயிலாப்பூரிலிருந்து திருவல்லிக்கேணிக்குப் போக மதுரை பேருந்தில் ஏறுவதைப் போன்ற இந்த ஏற்பாட்டை அன்று யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. இணையம் என்றாலே அமெரிக்கா என்றிருந்த காலம் அது.

கேபிள்கள் நிலப்படத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை, பணம் ஓடும் திசையைப் பார்த்துப் போடப்படுகின்றன என்பதே இதற்குக் காரணம். 1990களில் இணையத்தின் உள்ளடக்கமும் பெரிய சர்வர்களும் வலையமைப்புகள் ஒன்றோடொன்று கைகோக்கும் இடங்களும் அமெரிக்காவில் குவிந்திருந்தன. ஆசிய நாட்டு இணைய நிறுவனங்கள் அமெரிக்காவரை செல்லும் முழு இணைப்பின் செலவையும் தாமே ஏற்று அங்கே போய் இணைந்துகொண்டன. எதிர்முனையில் இருந்தவர்கள் அதில் பங்கேற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆசியாவையும் ஐரோப்பாவையும் நேரடியாக இணைக்கும் கேபிள்கள் இருந்தபோதிலும், அவற்றில் இடம் பிடிப்பது பசிபிக் வழியைவிட விலை கூடியதாக இருந்தது. இந்தியாவின் கதையும் இதுவே. எட்டு நிறுவனங்களோடு 1986இல் தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி, ஆய்வு வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று; அந்த வலையமைப்பு 1989இல் வெளிநாட்டோடு தொடர்புகொள்ளப் பெற்ற நிலையான கம்பி, நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் மும்பையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குத்தான் சென்றது.

இதில் ஒரு சின்ன முரண் உண்டு. ஆசியாவின் தொடக்ககால வலையமைப்புகளில் ஒன்று, பேராசிரியர் கில்னாம் சோன் முன்னின்று 1982இல் கொரியாவில் அமைத்தது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தையும் குமி நகரில் இருந்த ஒரு மின்னணு ஆய்வு நிறுவனத்தையும் நொடிக்கு 1,200 பிட் வேகத்தில் அது இணைத்தது. அடுத்த ஆண்டு அந்த வலையமைப்பு நாட்டுக்கு வெளியே கைநீட்டியபோது, முதலில் பிடித்தது ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித ஆய்வு மையத்தின் கணினியை. அமெரிக்க இணைப்பு அதற்குப் பிறகே வந்தது. ஆக, நேர்வழி தெரியாமல் ஆசியா சுற்றிப் போகவில்லை. சுற்றுவழி மலிவாகிவிட்டதால் நேர்வழியில் புல் முளைத்துவிட்டது.

அந்தப் புல்லைச் செதுக்கும் வேலை ஓர் அரசியல் மேடையில் தொடங்கியது. 1996இல் பாங்காக்கில் தொடங்கிய ஆசிய–ஐரோப்பிய உச்சி மாநாட்டின் மூன்றாவது கூட்டம் 2000 அக்டோபரில் சியோலில் நடந்தது. இரு கண்டங்களின் ஆய்வு வலையமைப்புகளை நேரடியாக இணைக்கும் திட்டம் அங்கே ஏற்கப்பட்டது. டிரான்ஸ்–யூரேசியா இன்ஃபர்மேஷன் நெட்வொர்க் என்பது அதன் முழுப் பெயர், சுருக்கமாக டெயின். 2001 டிசம்பரில் கொரிய ஆய்வு வலையமைப்புக்கும் பிரான்சின் ஆய்வு வலையமைப்பான ரெனாட்டருக்கும் இடையே அதன் முதல் இணைப்பு உயிர்பெற்றது. வேகம், நொடிக்கு 2 மெகாபிட். இன்று ஒரு கைப்பேசியில் படம் பார்க்கவே போதாத வேகம் இது. ஒரு டெராபைட் தரவை அதன் வழியே அனுப்பினால், இடைவிடாமல் ஓடினாலும் 46 நாள் ஆகும். ஆனாலும் அந்த மெல்லிய இழையின் மதிப்பு வேகத்தில் இல்லை. இரு கண்டங்களின் வலையமைப்புப் பொறியாளர்கள் இடைத்தரகர் இல்லாமல் ஒருவரோடொருவர் பேசி, பாதைகளை ஒப்புக்கொண்டு, பழுதைச் சேர்ந்து தேடிப் பழகிய முதல் களம் அது.

இரண்டாம் கட்டம் உண்மையான வலையமைப்பாக விரிந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் நிதியோடு, பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் இருந்த டான்டே என்ற அமைப்பு அதை நடத்தியது. ஐரோப்பாவின் சொந்த ஆய்வு வலையமைப்பான ஜியாண்டை இயக்கிவந்ததும் அதே டான்டேதான். சீனா, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகியவை உதவிபெறும் நாடுகளாகவும், ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகியவை தம் செலவைத் தாமே ஏற்கும் நாடுகளாகவும் சேர்ந்தன. நொடிக்கு 622 மெகாபிட் அளவிலான இணைப்புகள் ஐரோப்பாவை எட்டின. அதே காலத்தில் சீனாவுக்கென்று சைபீரியாவின் தரைவழியாக பெய்ஜிங்கை ஐரோப்பாவோடு இணைக்கும் 2.5 ஜிகாபிட் பாதை ஒன்றும் ஓரியன்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டது. மூன்றாம் கட்டத்தில்தான் தெற்காசியா உள்ளே வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. இணையம்தான் எங்கும் இருக்கிறதே, ஆய்வாளர்களுக்கு மட்டும் தனிச் சாலை எதற்கு? வசதியானவர்களுக்கான தனிப்பாதை என்று இதைக் குறை சொல்பவர்களும் உண்டு. பதில், தொலைதூரத்தில் தரவு பயணிக்கும் விதத்தில் இருக்கிறது; அதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். தென்கிழக்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கேபிள் வளைந்து நெளிந்து செல்லும் தூரத்தையும் வழியில் உள்ள ரூட்டர்களையும் கணக்கில் கொண்டால், ஒரு தரவுப் பொட்டலம் போய்ச் சேர்ந்து, சேர்ந்ததற்கான ஒப்புகை திரும்பி வர ஏறத்தாழ 200 மில்லிநொடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கோப்புப் பரிமாற்றத்துக்குப் பெரும்பாலும் பயன்படும் டிசிபி என்னும் நெறிமுறை, ஓரளவு தரவை அனுப்பிவிட்டு, அதற்கு ஒப்புகை வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். பழைய கணினிகளில் இந்த அளவு 64 கிலோபைட்டாக இருந்தது. 200 மில்லிநொடிக்கு ஒருமுறை 64 கிலோபைட் என்றால், நொடிக்கு 2.6 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. கீழே கிடக்கும் கேபிள் 10 ஜிகாபிட்டாக இருந்தாலும் இதே கதைதான். அகலமான சாலையில் ஒரே ஒரு மாட்டுவண்டி போய்த் திரும்புவதற்காக மற்ற வண்டிகள் எல்லாம் காத்து நிற்கும். 10 ஜிகாபிட்டை நிரப்ப வேண்டுமானால், ஒப்புகைக்குக் காத்திராமல் 250 மெகாபைட்டை வழியிலேயே மிதக்க விடவேண்டும். கணினியில் அதற்கான அமைப்புகளை மாற்றலாம், மாற்றவும் செய்கிறார்கள்.

அடுத்த சிக்கல் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்துவிட்டால், பாதையில் நெரிசல் என்று டிசிபி முடிவுகட்டி, தன் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொண்டு மெதுவாக மீண்டும் ஏறும். ஏறும் வேகம் தூரத்தைப் பொறுத்தது. பத்தாயிரம் பொட்டலங்களில் ஒன்று தொலைகிறது என்று கொள்வோம். ஒரே வளாகத்துக்குள், 2 மில்லிநொடி தூரத்தில், வழக்கமான டிசிபி அந்த இழப்போடும் நொடிக்கு 700 மெகாபிட் அளவுக்கு ஓடும். பயனருக்கு எதுவும் தெரியாது. அதே இழப்பு, அதே கணினிகள், 200 மில்லிநொடி தூரம் என்றால் வேகம் 7 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். தூரம் நூறு மடங்கு கூடியதால் வேகம் நூறில் ஒரு பங்கு. வணிக இணையத்தில் பத்தாயிரத்தில் ஒன்று தொலைவது சாதாரணம்; வாட்ஸ்அப் செய்திக்கும் சினிமாப் பாட்டுக்கும் அதனால் ஒரு நட்டமும் இல்லை. கோடிக்கணக்கான சின்னச் சின்ன ஓட்டங்களை நெருக்கிப் பிடித்து ஓட்டும் வகையில்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வு வலையமைப்புகளோ, சில பெரிய ஓட்டங்கள் இழப்பே இல்லாமல் ஓடுவதற்காக, வேண்டுமென்றே பாதி காலியாக வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. யானை போகும் பாதையில் மற்ற நேரங்களில் ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பதைக் கண்டு, பாதை வீண் என்று சொல்லிவிட முடியாது.

யானை யார்? முதலில் துகள் இயற்பியல். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் நொடிக்குச் சுமார் 4 கோடி முறை புரோட்டான் கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அவற்றில் வடிகட்டிய சிறு பங்கைச் சேமித்து அலசுவதற்கே ஓர் ஆய்வகத்தின் கணினிகள் போதாது. அதனால் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள 170 அளவிலான கணினி மையங்கள் அடுக்கடுக்காக அந்தத் தரவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆசியாவில் தைவானின் அகாடெமியா சினிகாவும் கொரியாவின் அறிவியல் தகவல் நிறுவனமும் முதல் அடுக்கில் பணியாற்றியவை. இந்தியாவில் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும், கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் இரண்டாம் அடுக்கு. 2012இல் ஹிக்ஸ் போசான் என்னும் துகளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது செய்திகளில் மோதுவியின் படம் வந்ததே தவிர இந்தக் கேபிள்களின் படம் வரவில்லை. ஆனால் மும்பையில் ஒரு முனைவர் பட்ட மாணவர் ஜெனீவாவுக்குப் போகாமலேயே அந்தத் தரவில் தன் கேள்வியைக் கேட்க முடிந்தது அவற்றால்தான்.

வானியலில் நிலைமை இன்னும் கறாரானது. கண்டங்கள் தாண்டி அமைந்த ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே விண்பொருளை ஒரே நேரத்தில் பார்த்து, பதிவுகளை ஓரிடத்தில் ஒன்றோடொன்று பொருத்தும்போது, பூமியளவு பெரிய ஒரே தொலைநோக்கி கிடைத்தது போலாகும். முன்பு பதிவுகளை நாடாக்களிலும் வட்டுகளிலும் விமானத்தில் அனுப்பினார்கள். பொருத்திப் பார்த்து, ஒரு கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று தெரியவரும்போது வாரங்கள் ஓடியிருக்கும். 2007இல் ஷாங்காய் தொலைநோக்கியும் ஆஸ்திரேலியத் தொலைநோக்கிகளும் தம் பதிவுகளை நெதர்லாந்தின் ட்விங்கலோ என்ற சிற்றூரில் உள்ள ஐரோப்பிய மையத்துக்கு வலையமைப்பு வழியே நேரலையாக அனுப்பிக்காட்டின. தவறு நடந்தால் அன்றிரவே தெரியும் என்ற நிலை வந்தது. அணுப்பிணைவு ஆய்விலும் இதே தேவைதான்: பிரான்சின் கடராஷில் கட்டப்பட்டுவரும் ஐ.டி.இ.ஆர். உலையின் சோதனைகளை ஜப்பானின் ரொக்காஷோவிலிருந்து பின்தொடர்வதற்கான ஒத்திகையாக, 2016இல் ஒரு நாளைக்கு 50 டெராபைட் என்ற அளவில் தரவு அனுப்பிப் பார்க்கப்பட்டது.

என் பார்வையில் இந்த வலையமைப்பின் மிக மனிதத்தன்மையுள்ள பயன் மருத்துவத்தில் இருக்கிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து 2000களின் தொடக்கத்தில் கிளம்பிய முயற்சி, முதலில் கொரிய மருத்துவமனைகளோடும் பிறகு ஆசியா முழுவதிலும் ஐரோப்பாவிலும் உள்ள மருத்துவமனைகளோடும் அறுவை சிகிச்சைகளை நேரலையாகப் பகிர்ந்துகொண்டது. அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவின் படத்தை மேலும் நசுக்காமல் அப்படியே அனுப்பியது. ஓர் ஓட்டத்துக்கு நொடிக்கு 30 மெகாபிட் வேண்டும். அன்றைய காணொளிக் கூட்டச் சாதனங்கள் இதைவிடப் பல மடங்கு குறைந்த வேகத்திலேயே ஓடின. ஆனால் அவற்றில் படத்தை நசுக்கும்போது முதலில் பலியாவது மெல்லிய நிற வேறுபாடுகள். ஈரல் அறுவையில் ஒரு சின்ன நாளம் எந்தத் திசையில் போகிறது, உள்நோக்கிக் குழாயின் முனையில் தெரியும் இரைப்பைத் திட்டின் செம்மை சாதாரண அழற்சியா அல்லது தொடக்கநிலைப் புற்றா என்பதெல்லாம் அந்த நிற வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றன. பார்த்துக் கற்கும் இளம் மருத்துவர் முதல் கத்தி எங்கே வைக்கப்படுகிறது என்பதைக் காண வேண்டும். படம் உறைந்து நிற்கும் அந்த இரண்டு நொடிகளில்தான் பெரும்பாலும் காணவேண்டியது நடந்துவிடும். தனி ஆய்வுப் பாதையின் இழப்பற்ற ஓட்டம் அங்கே ஆடம்பரமாக இருக்கவில்லை.

தெற்காசியா இந்தப் பந்திக்குத் தாமதமாக வந்தது. எர்னெட் 2006இல் நொடிக்கு 45 மெகாபிட் வேகத்தில் ஐரோப்பாவின் ஜியாண்டோடு நேரடியாக இணைந்தது. பின்னர் டெயினின் மூன்றாம் கட்டத்தில் மும்பை அதன் மையங்களில் ஒன்றாயிற்று. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, இந்தியாவின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் ஜிகாபிட் வேகத்தில் இணைக்கத் தொடங்கியது. வங்கதேசம், நேபாளம், பூட்டான், பாகிஸ்தான் ஆகியவையும் தத்தம் ஆய்வு வலையமைப்புகளோடு வந்தன. சில நாடுகளில் அப்படியோர் அமைப்பு உருவாவதற்கே டெயின்தான் தூண்டுகோல். வெளியே இணைப்பு தயார், உள்ளே யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோதுதான் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடின.

இலங்கையின் ஆய்வு வலையமைப்பான லேர்ன் இதற்கு நேர்மாறானது. மொரட்டுவை, பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்கள் 1990ஆம் ஆண்டையொட்டித் தொலைபேசி வழி மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தெடுத்த அமைப்பு அது. யாழ்ப்பாணம், கிழக்கு உள்ளிட்ட அரசப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இன்று அதில் உறுப்பு. 2020இல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவாக ஜூம் வசதியைத் தன் வழியே ஏற்பாடு செய்தது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கான தரவுக் கட்டணத்தை மாணவர்களுக்கு விலக்கின. பணக்கார நாடுகளுக்கே திணறலாக இருந்த ஒரு காலத்தில் இது நடந்தது. பெரிய கேபிளைவிட, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசும் ஐம்பது பொறியாளர்கள் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கேபிளோடு கூடவே வந்த இன்னொன்று, அடையாளத்தை நம்பும் முறை. பேராதனை மாணவி ஒருத்தி பெல்ஜியத்தின் லூவன் நகருக்கு ஆறு மாத ஆய்வுக்குப் போகிறாள். நூலக வாசலில் மடிக்கணினியைத் திறக்கிறாள். யாரிடமும் கடவுச்சொல் கேட்காமல் வைஃபை தானாக இணைந்துகொள்கிறது. பின்னால் நடப்பது இதுதான். அவளுடைய பயனர்பெயர் இலங்கையின் முகவரியில் முடிவதைப் பார்த்த லூவன் சர்வர், இவர் நம்மவர் அல்ல என்று பெல்ஜியத்தின் தேசிய சர்வருக்குத் தள்ளுகிறது; அது கண்ட அளவிலான உச்ச சர்வருக்கு; அங்கிருந்து இலங்கையின் லேர்ன்; லேர்னிலிருந்து பேராதனை. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பேராதனை மட்டுமே. இடையில் உள்ள எல்லோரும் பூட்டிய பெட்டியைக் கைமாற்றிவிடுபவர்கள். லூவனுக்குக்கூட அந்தக் கடவுச்சொல் தெரியாது. ஆம் என்ற ஒற்றைப் பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. ஓரிரு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். எடுரோம் என்ற இந்த ஏற்பாடு, 2002இல் நெதர்லாந்துப் பொறியாளர் ஒருவர் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. தூதரகங்கள் செய்ய ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒன்றை, உன் மாணவரை நான் நம்புகிறேன், என் மாணவரை நீ நம்பு என்ற எளிய உடன்பாட்டின் மீது கல்வி நிறுவனங்கள் கட்டிவிட்டன.

பணத்தின் கதையும் இந்த இருபது ஆண்டுகளில் தடம் மாறியிருக்கிறது. தொடக்கத்தில் ஐரோப்பா கொடுப்பவர், ஆசியாவின் பெரும்பகுதி பெறுபவர், நிர்வாகமும் கேம்பிரிட்ஜில். நான்காம் கட்டத்தில் நிர்வாகம் சியோலில் அமைந்த ஒத்துழைப்பு மையத்தின் கைக்கு வந்தது. 2016இல் தொடங்கிய ஏசியா–கனெக்ட் கட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2 கோடி யூரோ அளித்தது. அதைச் செலவிட்டவர்கள் ஆசியாவில் இருந்தார்கள். இதைவிடக் கூர்மையான மாற்றம் 2019இல் சிங்கப்பூரையும் லண்டனையும் நொடிக்கு 100 ஜிகாபிட் வேகத்தில் இணைத்த பாதை. ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், நெதர்லாந்து, வட ஐரோப்பா ஆகியவற்றின் வலையமைப்புகளும், ஜியாண்டும், சியோல் மையமும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு அதைச் சேர்ந்து வாங்கின. அது உதவித் திட்டம் அல்ல, கூட்டு முதலீடு. அதே ஆண்டு ஜப்பானும் தன் ஐரோப்பிய இணைப்பை 100 ஜிகாபிட்டாக உயர்த்தியது. 2 மெகாபிட்டிலிருந்து கணக்கிட்டால் ஐம்பதாயிரம் மடங்கு. முன்பு 46 நாள் பிடித்த ஒரு டெராபைட், ஏட்டுக்கணக்கின்படி 80 நொடி.

நேர்வழிக்கு நேர்வழியின் ஆபத்து உண்டு. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கடலடிக் கேபிள்களில் பெரும்பாலானவை செங்கடல் வழியாகச் சென்று, எகிப்தைத் தாண்டித்தான் மத்தியதரைக் கடலில் இறங்குகின்றன. 2008 ஜனவரியில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையம் தடுமாறியது. 2024 பிப்ரவரியில், ஏமனின் ஹூதிகள் தாக்கிய ரூபிமார் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே மிதந்த வேளையில் செங்கடலில் பல கேபிள்கள் அறுந்தன. போர்ச் சூழலில் பழுதுபார்க்கும் கப்பல் அங்கே போவதற்கே மாதங்கள் பிடித்தன. 2025 செப்டம்பரில் ஜித்தாவுக்கு அருகே மறுபடியும் அறுந்தபோது இந்தியாவும் பாகிஸ்தானும் அதை உணர்ந்தன. மாற்றாகச் சொல்லப்படும் சைபீரியத் தரைவழி, உக்ரைன் போருக்குப் பிறகு யாரும் மனம் ஒப்பி நம்பும் பாதையாக இல்லை.

அதனால் ஆய்வு வலையமைப்புகள் ஒரு வளையத்தை உருவாக்கிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூர்–லண்டன் பாதை அறுந்தால் ஜப்பானின் ஐரோப்பியப் பாதை அந்தச் சுமையைச் சிறிது காலம் தாங்கும்; ஜப்பானுடையது அறுந்தால் இது தாங்கும். அவசரத்துக்கு அமெரிக்கச் சுற்றுவழியும் கைவசம் இருக்கிறது. எதிலிருந்து தப்பிக்க இத்தனை ஆண்டு உழைத்தார்களோ, அதுவே இன்று காப்புப்பாதை. இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஒரே வழி இருப்பதற்கும், பல வழிகளில் ஒன்றாக அது இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வட ஐரோப்பிய நாடுகளின் நார்டுநெட் இன்னும் துணிச்சலாக, வடதுருவப் பனிக்கடலின் அடியே ஐரோப்பாவையும் ஜப்பானையும் இணைக்கும் போலார் கனெக்ட் என்ற கேபிளைத் திட்டமிட்டுவருகிறது.

இத்தனைக்கும் பிறகு, தடை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கடைசி முந்நூறு மீட்டரில். இந்தியாவில் தேசிய அறிவு வலையமைப்பின் ஜிகாபிட் இணைப்பு எட்டியது ஐ.ஐ.டி.கள், மத்திய ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்கள் போன்றவற்றை. மாணவர்களில் பெரும்பான்மையோர் படிக்கும் இணைவுக் கல்லூரிகளுக்கு 2009இல் தொடங்கிய தேசியக் கல்வித் திட்டத்தின்கீழ் கிடைத்தவை 512 கிலோபிட் பிராட்பேண்ட் இணைப்புகள். ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் இருபது. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளுக்கும் கலைக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பெரிய வளாகங்களிலும் ஃபயர்வால் என்ற சோதனைச்சாவடி எல்லாப் பொட்டலங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதால், மேலே சொன்ன பத்தாயிரத்தில் ஒன்று அங்கேயே தொலைந்துவிடும். ஆய்வுத் தரவுக்கென்று ஃபயர்வாலுக்கு வெளியே தனிப் பகுதி அமைப்பதும், பர்ஃப்சோனார் போன்ற கருவிகளை வழிநெடுக வைத்து எந்தக் கண்ணியில் இழப்பு என்று அளப்பதும் இதற்கு மருந்து என்று பொறியாளர்கள் பத்தாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். வளாகக் குழுக்களில் அந்தக் கோரிக்கை பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். சர்வர் அறைச் சுவரில் ஜிகாபிட் இணைப்பின் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய ஆய்வகத்துக்கு வந்த கம்பியோ, தாழ்வாரத்து மர அலமாரிக்குள் தூசி படிந்து கிடந்த, பழைய 100 மெகாபிட் சுவிட்ச் ஒன்றில் போய் முடிந்தது. அதை மாற்றச் சொல்லி எழுதிய கடிதம் மூன்று அலுவலகங்களைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் புறப்படவிருந்த மாணவரின் பையில் வைப்பதற்காக, 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டை டவலில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்று தரவு, மற்றொன்று, முதலாவது விமான நிலையத்தில் தொலைந்தால் உதவும் நகல்.